பாறையின் பூட்டைத் திறக்கும் அமில நுண்ணுயிர்கள்

ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே லெனேசியாவில் வாழும் எங்களுக்குப் பழைய தங்கச் சுரங்கங்களின் மஞ்சள் மண்மேடுகள் நாள்தோறும் காணும் காட்சி. சென்ற வாரம் கோயிலில் ஒரு பெரியவர், "அந்த மேட்டடியில் ஓடும் தண்ணீர் ஏன் தம்பி துருப்பிடித்த மாதிரி இருக்கிறது?" என்று கேட்டார். வேதியியல் படித்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். நின்றபடியே சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்காததால் இங்கே எழுதுகிறேன்.

சுரங்கப் பாறையில் உள்ள பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு காற்றையும் நீரையும் சந்திக்கும்போது கந்தக அமிலம் உண்டாகிறது; அதோடு வெளிவரும் இரும்புதான் தண்ணீருக்குத் துரு நிறம் தருகிறது. அந்த வினையைப் பன்மடங்கு விரைவுபடுத்துபவை, இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றம் செய்து அதில் கிடைக்கும் ஆற்றலால் வாழும் பாக்டீரியாக்கள். அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் அவற்றின் பங்கை கோல்மர், ஹிங்கிள் என்னும் இருவர் 1947இல் வெளிப்படுத்தினர். கைவிடப்பட்ட சுரங்கங்களில் நிரம்பிய இத்தகைய அமில நீர்தான் 2002இல் ஜோகன்னஸ்பர்க்கின் மேற்கே உள்ள க்ரூகர்ஸ்டார்ப் அருகே நிலத்துக்கு மேலே வழியத் தொடங்கியது.

இதே வகை நுண்ணுயிர்கள் தென்னாப்பிரிக்காவின் இன்னொரு தங்கச் சுரங்க ஊரான பார்பர்டனில் வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கின்றன. அங்குள்ள ஃபேர்வியூ சுரங்கத்தின் தாதுவில் தங்கம் பைரைட்டுக்குள்ளும் ஆர்சனிக் கலந்த ஆர்சனோபைரைட்டுக்குள்ளும் மிக நுண்ணிய துகள்களாகச் சிறைப்பட்டிருப்பதால், எவ்வளவு அரைத்தாலும் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் சயனைடு கரைசல் அதை முழுமையாக எட்டுவதில்லை. முன்பு தாதுவை உலையில் வறுத்தார்கள். ஆர்சனிக்கும் கந்தக டை ஆக்சைடும் புகையோடு வெளியேறின. 1986இல் அதற்கு மாற்றாக இந்த நுண்ணுயிர்கள் வேலை செய்யும் பெருந்தொட்டிகள் வந்தன. தங்கத்தை நுண்ணுயிர்களே கரைக்கின்றன என்று பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அவை சுற்றியுள்ள சல்பைடைச் சிதைத்து வழி திறக்கின்றன, கரைக்கும் வேலை பின்னர் சயனைடுக்குரியது.

என்னை வியக்க வைப்பது அந்தத் தொட்டிகளைப் பேணும் கவனம். ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெப்பம், 2க்கும் குறைவான பிஎச் (அதாவது கடும் அமிலத்தன்மை), ஓயாது ஊதப்படும் காற்று, சிறிது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய ஊட்டங்கள் இருந்தால் அவை சில நாட்களில் வேலையை முடிக்கின்றன. வினையே வெப்பத்தை வெளியிடுவதால் தொட்டியைக் குளிர்விக்காவிட்டால் அவை மடியும். அடுத்த கட்டத்துச் சயனைடு சிறிதளவு திரும்பி வந்து கலந்தாலும் மடியும்.

வெளிவரும் அமிலக் கரைசலில் சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்து நடுநிலையாக்கும்போது, ஆர்சனிக் இரும்போடு பிணைந்து நிலையான கசடாகப் படிகிறது. பெரியவர் கேட்ட தண்ணீருக்கும் சுண்ணாம்பு வைத்தியம் உண்டு. ஆனால் தொட்டியை நிறுத்தலாம், கைவிடப்பட்ட சுரங்கத்தை நிறுத்த இயலாது. அதனால் அந்த வைத்தியத்தை இடைவிடாது செய்துகொண்டே இருக்க வேண்டும்.