முட்டையும் பாலும் இல்லாமல் கோலின் கணக்கு நேரான விதம்

முட்டை, பால் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் நான் சாப்பிடுவதை நிறுத்தி ஆறு வருடங்கள் ஆகின்றன. பி12 மாத்திரையை ஒருநாளும் விட்டதில்லை. இரும்புச்சத்தையும் வைட்டமின் டி-யையும் அவ்வப்போது சோதித்துக்கொள்வேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நம்பிக்கையோடுதான் குழந்தைக்குத் தயாரானோம். கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்லித் தந்த சத்து மாத்திரையின் அட்டையை ஒருநாள் திருப்பி நிதானமாகப் படித்தேன். ஃபோலிக் அமிலம் இருந்தது, அயோடின் இருந்தது, இரும்பு இருந்தது. கோலின் என்ற சத்து மட்டும் இல்லை. அந்தப் பெயரைச் சில நாட்களுக்கு முன்புதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்படாவிட்டால் தேடியே இருக்க மாட்டேன்.

கோலின் இல்லாமல் கல்லீரல் தன்னிடம் சேரும் கொழுப்பை வெளியே அனுப்பத் திணறும். ஒவ்வொரு செல்லின் உறைக்கும் அது வேண்டும். நரம்புகள் பேசிக்கொள்ள உதவும் அசிடைல்கோலினும் அதிலிருந்துதான் உருவாகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளை வளர அம்மாவின் கோலினை நஞ்சுக்கொடி இழுத்துக் கொடுக்கிறது. இவ்வளவு வேலை செய்யும் சத்துக்கு அமெரிக்காவில் அளவு குறித்ததே 1998-இல்தான். பெண்களுக்கு நாளுக்கு 425 மில்லிகிராம், கர்ப்பத்தில் 450, பாலூட்டும்போது 550. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2016-இல் பெரியவர்களுக்கு 400, கர்ப்பத்தில் 480, பாலூட்டும்போது 520 என்றது.

நான் முதலில் கேட்டது இரத்தப் பரிசோதனைதான். மருத்துவர் வேண்டாம் என்றார். உணவில் கோலின் குறைந்தாலும் உடல் தன் செல் உறைகளிலிருந்தே எடுத்து இரத்தத்தில் அளவைத் தாங்கிப் பிடிக்குமாம். அதனால் எண் சரியாக வந்தாலும் அதை நம்ப முடியாது. "ரெண்டு வாரம் என்ன சாப்பிடுறீங்கன்னு எழுதிக் கொண்டு வாங்க, அது போதும்" என்றார்.

எழுதினேன். சமையல் தராசு ஒன்று, ஒரு சின்ன நோட்டு. முதல் மூன்று நாள் கணக்கு அமோகமாக வந்தது. அப்புறம்தான் தவறு தெரிந்தது. வேகவைத்த பயறைத் தராசில் வைத்துவிட்டு, காய்ந்த பயறுக்கான எண்ணைப் போட்டிருந்தேன். வெந்தால் பயறு தண்ணீர் குடித்து இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். மூன்று பக்கங்களையும் அடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்தமுறை 180-க்கும் 220-க்கும் நடுவில்தான் நின்றது. தேவையில் பாதி. நான் நன்றாகச் சாப்பிடுகிறவள், தட்டு நிறைய காய்கறி இருக்கும், இருந்தும் பாதிதான். அன்று உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

பயத்தைக் குறைத்தது ஒரு விவரம். 425 என்பது சராசரித் தேவையை அளந்து அதன்மேல் கட்டிய எண் இல்லை, 'இது போதும்' என்று மதிப்பிட்ட அளவு. அதற்கு அடிப்படையான ஆய்வு ஆண்களிடம் நடந்தது. கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்ற கணக்கைப் பெண்களின் உடல் எடைக்குப் பொருத்தி 425-க்கு வந்தார்கள். அதனால் 400-இல் நிற்பவருக்கு உடனே ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் 200-இல் நின்றுகொண்டு இந்த ஆறுதலைப் பிடித்துத் தொங்கக் கூடாது என்பதும் எனக்குப் புரிந்தது.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 147 மில்லிகிராம் இருக்கிறது. மூன்று சாப்பிடுகிறவருக்கு அன்றைய கணக்கு முடிந்தது. தாவர உணவில் அப்படி ஒற்றை ஆள் கிடையாது. சோயாதான் கிட்டத்தட்ட வருகிறது: வறுத்த சோயா அரைக் கோப்பையில் 107, சோயா பால் ஒரு கோப்பையில் 57 அளவில். தோலோடு வெந்த பெரிய சிவப்பு உருளைக்கிழங்கில் 57. நான் ஒதுக்கியே வைத்திருந்த காய் அது, எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ராஜ்மா அரைக் கோப்பை 45, கினோவா ஒரு கோப்பை 43, வெந்த பிராக்கோலி அரைக் கோப்பை 31, காலிஃபிளவரும் பச்சைப் பட்டாணியும் அரைக் கோப்பைக்குத் தலா 24. வேர்க்கடலை கால் கோப்பைக்கும் 24.

காகிதத்தில் கூட்டினால் 425-ஐத் தொடலாம். இரண்டு கோப்பை சோயா பால், அரைக் கோப்பை வறுத்த சோயா, உருளைக்கிழங்கு, ஒரு கோப்பை பிராக்கோலி, ராஜ்மா, கினோவா எல்லாம் சேர்த்தால் 428. ஐந்து நாள் அப்படியே சாப்பிட்டேன். வறுத்த சோயா அரைக் கோப்பை தினமும் என்பது என் வயிற்றுக்கு ஒத்துவரவில்லை, இரவெல்லாம் உப்புசம். பாதியாகக் குறைத்தேன். பாதாம் பாலை விட்டுச் சோயா பாலுக்கு மாறியதுதான் எல்லாவற்றிலும் சுலபமான மாற்றம், அதுவே தினம் நூறு தருகிறது. வெள்ளை அரிசி இருந்த இடத்தில் சில நாள் கினோவா, சில நாள் உருளைக்கிழங்கு. இப்படி 300 வரை சிரமமில்லாமல் வருகிறது. மீதிக்கு மாத்திரை எடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை. பி12-க்கு எடுக்கிறோம், இதற்கும் எடுக்கலாம்.

ஆனால் மாத்திரையில் பெரிய குழப்பம் இருக்கிறது, இதைக் கவனமாகப் படியுங்கள். நான் வாங்கிய புட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'கோலின் பைடார்ட்ரேட் 500 மி.கி.' என்று இருந்தது. ஐந்நூறும் கோலின் என்றுதான் நினைத்தேன். பைடார்ட்ரேட் என்பது கோலினோடு சேர்ந்த உப்பு. மொத்த எடையில் கோலின் சுமார் 41 சதவீதம்தான், அதாவது ஏறத்தாழ 205 மி.கி. சில புட்டிகளில் உள்ளே இருக்கும் கோலினின் அளவைப் பின்பக்கம் தனியாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை மட்டும் நோட்டில் எழுதுங்கள். லெசித்தின் (கோலின் அடங்கிய ஒரு கொழுப்புப் பொருள்) மாத்திரை இன்னும் மோசம். 1,200 மி.கி. என்று இருக்கும், அதில் கோலின் சில பத்து மில்லிகிராம்தான் தேறும். அளவு மிஞ்சினாலும் தொல்லை. நாளுக்கு 3,500 மி.கி. என்பதே மேல் எல்லை, அதைத் தாண்டினால் உடலில் மீன் வாடை, வியர்வை, இரத்த அழுத்தம் குறைவது எல்லாம் வரலாம். எனக்கு உணவில் 300, மாத்திரையில் 205. அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது எனக்கு ஐந்தாவது மாதம். நோட்டு இன்னும் சமையல் மேடையில்தான் இருக்கிறது, ஆனால் வாரத்தில் ஒருநாள் மட்டும்தான் எடை போடுகிறேன். கண்ணளவு பழகிவிட்டது.

அம்மாவும் மூன்று வருடமாக என்னைப் போலவே சாப்பிடுகிறார். அவருக்கு மாதவிடாய் நின்றுவிட்டது. கல்லீரலும் கொஞ்சம் கோலின் தயாரிக்கும், அந்த வேலையைப் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் தூண்டிவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அந்த உதவியும் குறையும். 2007-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் கோலின் மிகக் குறைந்த உணவைக் கொடுத்துப் பார்த்தபோது, மாதவிடாய் நின்ற பெண்களில் 80 சதவீதம் பேருக்குக் கல்லீரலோ தசையோ பாதிக்கப்பட்டது. நிற்காதவர்களில் அது 44 சதவீதம். இதைப் படித்ததும் அம்மாவுக்கும் ஒரு நோட்டு வாங்கினேன். முதல் வாரம் 170. இந்த வாரம் 260. உருளைக்கிழங்கைத் தோலோடு சாப்பிட வைக்கத்தான் இன்னும் முடியவில்லை.