மருந்து வேளையும் மனச்சாட்சியும்

புற்றுநோய் வலிக்கு மார்பின் (morphine) என்ற வலி மருந்தைக் கொடுக்கும்போது, நோயாளி வலியில் துடித்துக் கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இது இருக்கிறது. முந்தைய வேளை மருந்தின் வேகம் தணிவதற்குள் அடுத்த வேளை உள்ளே போய்விட வேண்டும். குணமாக்க முடியாத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் பேலியேட்டிவ் வார்டில் நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸுக்கு இந்த விதியின் அருமை நன்றாகத் தெரியும். வலியில் கிடப்பவருக்குப் பத்து நிமிடம் ஒரு ராத்திரியாக நீளும். "மணி என்ன சிஸ்டர்?" என்று கேட்பார்கள், சொன்னால் நம்பமாட்டார்கள்.

வலி அடங்கிய பிறகும் மணி கேட்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகப்போகிறவரின் வலி உடலோடு நிற்பதில்லை, மனமும் உறவும் ஆன்மாவும் சேர்ந்து நோகின்றன என்று கற்பித்தார். அவரும் முதலில் நர்ஸ். ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி.

ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "வலி இல்லம்மா. தம்பிக்குச் சேர வேண்டியதை நான் எழுதி வாங்கிக்கிட்டேன். இத்தனை வருஷமா அது என்னை ஒண்ணும் பண்ணல. இப்போ கண்ணை மூடினா அவன் முகம்தான் வருது." மனச்சாட்சி அத்தனை வருஷமும் பேசியிருக்கத்தான் வேண்டும். தொழில், பிள்ளைகள், வீடு என்ற இரைச்சலில் அது அவர் காதில் விழவில்லை. வார்டில் அந்த இரைச்சல் கிடையாது. விடிந்ததும் தம்பியை வரவழைத்தோம். திரையை இழுத்து விட்டுவிட்டு வந்துவிட்டேன். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவர்கள் காரியம்.

நரகத்தைப் பற்றி எனக்குப் புரிந்தது இங்கேதான். லூக்கா 16-இல் இயேசு சொன்ன கதையில், ஏழை லாசருவைக் கவனிக்காமல் வாழ்ந்துவிட்டு, செத்தபின் பாதாளத்தில் வேதனைப்படும் ஐசுவரியவானிடம் ஆபிரகாம் சொல்வது, "அதை நினைத்துக்கொள்." அவனுக்கு நினைவு போகவில்லை. தன் ஐந்து சகோதரர்களை எச்சரிக்க வேண்டுமென்று பதறும் அளவுக்கு மனச்சாட்சியும் விழித்துவிட்டது. வாசலில் கிடந்த லாசருவுக்கு எதையாவது செய்யும் நேரம் மட்டும்தான் இல்லை. "அவர்கள் புழு சாவாமலும்" என்று ஆண்டவர் சொன்ன புழுவை மனச்சாட்சியின் அரிப்பாகவே இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். குற்றம் தெரிகிறது, சரிசெய்ய நாளை என்ற ஒன்று இல்லை. அக்கினியைவிட இதுவே என்னை அதிகம் நடுங்க வைக்கிறது.

எழுபது வருஷப் பாவத்துக்கு முடிவில்லாத தண்டனை நியாயமா என்று ஓர் இளம் டாக்டர் கேட்டார். நியாயமான கேள்வி, அதைக் கேட்பவரை அவிசுவாசி என்று தள்ளக் கூடாது. நிசாவின் கிரெகொரி போன்ற சபைப் பிதாக்களே எல்லாரும் கடைசியில் சீர்ப்படுவார்கள் என்று நம்பினார்கள். இன்னொரு சபைப் பிதாவான அகஸ்டின் வேறுவிதமாகப் பதில் சொன்னார்: குற்றம் செய்ய எடுத்த நேரத்தை வைத்து எந்தச் சட்டமும் தண்டனையை அளப்பதில்லை, கொலை ஒரு நொடியில் முடிகிறது. நித்திய ஆக்கினையும் நித்திய ஜீவனும் மத்தேயு 25:46-இல் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்றைச் சுருக்கினால் மற்றொன்று என்ன ஆகும்? ஆண்டவரின் வாயிலிருந்து வந்ததைக் குறைக்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் சாகக் கிடப்பவரின் கட்டிலருகே நின்று நரகத்தைச் சொல்லி மிரட்டுவதை நான் அனுமதிப்பதில்லை. ஜெபிக்க வந்த ஒருவர் அப்படித் தொடங்கியபோது வெளியே அழைத்துச் சென்று நிறுத்தினேன். பயம் இல்லாமல் இல்லை அந்த நோயாளிக்கு. பயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் ரோம ஆளுநர் பேலிக்ஸும், தன் காவலில் இருந்த பவுல் இனிவரும் நியாயத்தீர்ப்பைப் பேசக் கேட்டுப் பயந்தான். "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிட்டான். பிறகு பலமுறை அழைத்துப் பேசவும் செய்தான், அதுவும் பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில். இரண்டு வருஷம் கழித்துப் பதவியை விட்டுப் போகும்போதும் பவுலைக் காவலிலேயே விட்டுப் போனான். பயம் மனந்திரும்புதலாகவில்லை.

எங்கள் வார்டில் இப்போது டியூட்டி மாறி அடுத்த நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவரின்போது மருந்து வேளைகளோடு, நோயாளி பார்க்க விரும்பும் ஆளின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறோம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவதில்லை. அவர் கேட்டால் நடு ராத்திரியிலும் போன் போடுகிறோம்.