வெள்ளவத்தைக் குறிப்புகள்

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். நான் சைவக்காரன்தான், ஆனால் அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்காத சைவக்காரரைக் கொழும்பில் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள். குடை, தண்ணீர்ப் போத்தல், அம்மாவின் மருந்துத் துண்டு. சோதித்த பெடியன் மருந்துத் துண்டைக்கூட விரித்துப் பார்த்தான்.

2019 ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த இடங்களில் இதுவும் ஒன்று. அதற்கு முன் வந்த ஒரு கடிதத்துக்கு இந்தக் கவனத்தில் பாதியைக் கொடுத்திருக்கலாம். ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியா எச்சரித்தது. 11ஆம் திகதி பொலிஸுக்குள் சுற்றிய கடிதத்தில் தாக்குதல் கும்பலின் தலைவன் சஹ்ரான் ஹாஷிமின் பெயரே இருந்தது. கத்தோலிக்கத் தேவாலயங்கள் இலக்காகலாம் என்றும் இருந்தது. 260க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். கடமை தவறியதற்காக, அன்று ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆள் போன மாதம் கண்டியில் நின்று, உண்மையில் யார் செய்தது என்று தனக்குத் தெரியும் என்கிறார். தெரிந்தால் இவ்வளவு காலமும் என்ன செய்துகொண்டிருந்தாராம்?

ஏப்ரல் 23

போர்க்காலத்தில் 'விழிப்பு' என்றால் கொழும்புத் தமிழரான எங்களை விழித்துப் பார்ப்பதுதான். வீட்டில் யார் யார், ஊரிலிருந்து வந்தவர் ஏன் வந்தார், எப்போது போவார் என்று பொலிஸில் பதிய வேண்டும். அம்மா அந்தப் பதிவுத் துண்டைப் பொலித்தீன் பையில் போட்டு, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தா. இரவில் கதவு தட்டுப்பட்டால் முதலில் கை போவது அங்கேதான். 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜ்களில் இருந்த 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் தடுத்தது, அது வேறு.

1979இல் தற்காலிகமாக என்று வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் இருக்கிறது. தாக்குதலுக்குப் பிறகு அது முஸ்லிம்கள் பக்கம் திரும்பியபோது எங்கள் ஆட்கள் சிலர் 'இப்ப அவங்களுக்கு விளங்கும்' என்றதை நான் காதாலே கேட்டேன். ஒழுங்கை முனைக் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் இன்று அந்த நாட்களைப் பற்றிக் கதைத்தேன். "சிங்கள ஆக்கள் வராதது சரி தம்பி, நீங்களும் வரல்லயே" என்றார். மிச்சக் காசை எண்ணித் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மே 15

சம்பூரில், போரின் கடைசி நாட்களில் செத்தவர்களை நினைத்துக் காய்ச்சும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கொடுத்ததற்காகப் பெண்களைப் பிடித்து விளக்கமறியலில் வைத்திருக்கிறார்கள். கஞ்சிப் பானையை மோப்பம் பிடிக்க மட்டும் ஆள் இருக்கிறது.

மே 18, சனி

ரஷ்ய-உக்ரைன் போருக்குப் போன இலங்கையின் முன்னாள் படையினரில் குறைந்தது 16 பேர் செத்துவிட்டதாக இந்த வாரம் அரசே சொல்லியிருக்கிறது. நல்ல சம்பளம் என்று முகவர்கள் ஆசை காட்டி, முன்னரங்குக்கு அனுப்பியிருக்கிறார்கள். 2009இல் 'ரணவிரு', அதாவது போர் வீரர்கள், என்று பாற்சோறு கொடுத்துக் கொண்டாடியது இவர்களைத்தான். அந்த வெற்றியைச் சொல்லியே எத்தனை தேர்தல்! ஈஸ்டர் ரத்தம் காய்வதற்குள் கோட்டாபய தேசியப் பாதுகாப்பு என்று கிளம்பினார், 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். வென்றவருக்குக் கதிரை, சண்டை போட்டவருக்கு வேறு யாருடையதோ பதுங்குகுழி. அவர்கள் மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை, ஆனாலும் இது அநியாயம்.

நாளை பத்தரமுல்லையில் படைவீரர் நினைவு. ரஷ்யா போனவர்களைப் பற்றி மேடையில் ஒருவராவது வாய் திறக்கிறாரா பார்ப்போம்.