ஒன்பது வீசை

ஜனவரி 15, 2020

பொங்கல். கிடங்குக்கு லீவு, ஆனால் சாவி என்னிடம்தான். மீனாவைக் கூட்டிக்கொண்டு போய் உளுந்து மூட்டை நிறுக்கிற தராசில் ஏற்றினேன். பர்மா வீசையில் ஒன்பதும் கொஞ்சமும். கிலோவில் 15. ஆறு வயசுக்கு இது ஒன்றுமில்லைதான். கீழ் வீட்டுப் பையன் நாலு வயசிலேயே இதைத் தாண்டிவிட்டான். ஆனால் இதய ஆபரேஷனுக்கு இது போதும் என்று சென்னையில் சொல்லிவிட்டார்கள்.

தராசை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். "அப்பா, நான் என்ன விலைக்குப் போவேன்?" ரங்கூன் பெயின்னவுங் சந்தையிலேயே பிறந்து வளர்ந்த மாதிரிப் பேச்சு.

வருகிற வழியில் சிவப்பு வெல்வெட் செருப்பு வாங்கினோம். விமானத்தில் போட்டுக்கொள்ள. ஒரு அளவு பெரிசாகவே எடுங்க என்றாள் செல்வி. நான் சரியான அளவுதான் எடுத்தேன். மார்ச் வரைக்கும்தானே.

ஜனவரி 17

விரலில் மாட்டுகிற மெஷினில் ரத்த ஆக்சிஜன் காலையில் 80. ராத்திரி 79.

ஜனவரி 26

மீனாவுக்குப் பதினொரு மாசத்தில் கிளென் என்கிற இதய ஆபரேஷன் முடிந்தபோது மெஷினில் 86 காட்டியது. அன்றைக்கு வராந்தாவில் இருந்தவர்களுக்கெல்லாம் நானும் மச்சானும் டீ வாங்கிக் கொடுத்தோம். அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒன்று, இரண்டு என்று இறங்கிக்கொண்டேதான் வருகிறது. நாங்கள்தான் ஏதோ தப்பு செய்கிறோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மாடிப்படி, வெயில், அப்பத்தா ஒளித்து ஒளித்துக் கொடுக்கிற ஐஸ்.

இன்றைக்குப் போனில் சென்னை டாக்டர் பொறுமையாகச் சொன்னார். கிளென்னில் தலை, கை என்று மேல் பாதியிலிருந்து திரும்புகிற ரத்தம் மட்டும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. கீழ்ப் பாதியிலிருந்து வருவது பழையபடி இதயத்துக்குள் போய் நல்ல ரத்தத்தோடு கலக்கிறது. கைக்குழந்தைக்குத் தலைதான் பெரிசு, கால் எங்கே இருக்கிறது? பாதி ரத்தம் மேலிருந்தே வந்துவிடும். கால் நீள நீளக் கீழிருந்து வருகிற பங்கு கூடும். கலப்பும் கூடும். "வளர்றா சார், அதான்" என்றார்.

ராத்திரி அவள் தூங்கினபின் போர்வையை விலக்கிப் பார்த்தேன். எங்கம்மாவுக்கு இருக்கிற மாதிரி நீளக் கால். போன மாசம்தான் கோவிலில் யாரோ "பொண்ணு நல்ல உசரமா வருவா" என்று சொல்லி, நான் பெருமையாகச் சிரித்தேன்.

மார்ச் 24 அட்மிஷன். முதலில் கதீட்டர் என்கிற மெல்லிய குழாய் விட்டு நுரையீரல் குழாயில் அழுத்தம் பார்ப்பார்கள். 15க்குக் கீழே இருக்கவேண்டும். இருந்தால் இரண்டு நாளில் பான்டான் ஆபரேஷன்.

ஜனவரி 27

விட்ட இடத்திலிருந்து. பான்டானில் கீழ் ரத்தக்குழாயையும் ஒரு செயற்கைக் குழாய் வைத்து நுரையீரலோடு சேர்த்துவிடுவார்கள். இருக்கிற ஒரே பம்பு அப்புறம் உடம்புக்கு மட்டும். 1968ல் பிரான்சில், போர்தோ என்கிற ஊரில், பான்டான் என்ற டாக்டர் முதலில் இதைச் செய்திருக்கிறார். அதுவும் மீனாவுக்கு இருக்கிற இதே ட்ரைகஸ்பிட் அட்ரீசியாவுக்குத்தான், இதயத்தில் ஒரு வால்வு உருவாகாமலேயே பிறப்பது. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. கால் விரலிலிருந்து நெஞ்சு வரைக்கும் ரத்தம் பம்பு இல்லாமல் ஏறவேண்டும். மூச்சு இழுக்கிற இழுப்பிலும், நடக்கும்போது கெண்டைச்சதை பிழிகிற பிழிவிலும் ஏறிவிடுமாம். எங்கள் மூன்றாவது மாடிக்கு மோட்டார் இல்லாமல் ஒரு வாளித் தண்ணீர் ஏறாது.

பிப்ரவரி 8

தைப்பூசம். செல்வி பால்குடம் எடுத்தாள். மீனா பாதி வழி நடந்தாள். அப்புறம் கூட்டத்துக்கு நடுவே, காவடிக்காரர்கள் கால்களுக்கு இடையில், குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கினால் அவளாகவே அப்படி உட்காருவாள், யாரும் சொல்லித் தந்ததில்லை. யாரோ ஒருத்தர் "சாமி வந்துருச்சு" என்று கும்பிட்டார். நான் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மெஷின் 69.

இந்தக் கை மாற்றினேன், அந்தக் கை மாற்றினேன். 69. 68. பாட்டரி மாற்றினேன். 69. செல்வி பால்குடத்து ஈரப் புடவையோடேயே நிற்கிறாள். டாக்ஸி கூப்பிடப் போனவனை மீனா இழுத்துப் பிடித்து, "அப்பா, இதுனாலயா?" என்று விரலை நீட்டினாள். கரு நீலத்தில் நகப்பூச்சு. மதியம் மச்சினி மகள் போட்டுவிட்டதாம். ஏற்கெனவே நீலம் தட்டிப்போன நகம், நுனி வேறு உருண்டு கிடக்கும், எங்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தின்னர் தேய்த்துத் துடைத்தபின் 78.

சிரித்தோம். செல்வி சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போனாள், ரொம்ப நேரம் வரவில்லை.

பிப்ரவரி 20

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அவளுக்கு மெடிக்கல் விசா, எங்கள் இரண்டு பேருக்கும் கூடப்போகிறவர் விசா. மெர்ச்சன்ட் தெருவில் பாதி நாள் நின்றேன்.

விமான டிக்கெட்டோடு ஒரு படிவம், டாக்டர் நிரப்பித் தரவேண்டியது. விமானத்துக்குள் காற்று எட்டாயிரம் அடி மலை மேலே இருக்கிற மாதிரி இருக்குமாம். நமக்குத் தெரியாது, 78ல் இருக்கிறவளுக்குத் தெரியும். பாங்காக் வழியாகப் போவதால் இரண்டு தடவை ஏறி இறங்கவேண்டும். ஆக்சிஜன் எழுதித் தந்திருக்கிறார்.

பணம்: சீட்டு எடுத்தது, நகை, முதலாளி முன்பணம். எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், கூடவில்லை, குறையவுமில்லை.

பிப்ரவரி 21

ஏன் செருப்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "விமானத்துலதானே போடணும்?"

மார்ச் 4

பல். கடைவாயில் ஒரு ஓட்டை. ஆபரேஷனுக்கு முன்னால் அதைச் சரி பண்ணியே ஆகவேண்டும், பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் இறங்கினால் இதயத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு மணி நேரம் முன்னால் அமாக்சிசிலின் கொடுத்துக் கூட்டிப்போனேன். பல் டாக்டரம்மா பர்மாக்காரர், இங்கே சயாமா என்றுதான் கூப்பிடுவோம். நாற்காலியில் ஏறினதும் மீனா பர்மீயில் அவர் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எனக்கு இதயத்தில் ஒரு அறைதான் வேலை செய்யும், இன்னொன்று வளரவே இல்லை, ஊசியில் காற்று இருக்கக்கூடாது. சயாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மார்ச் 12

கொரோனாவால் இந்தியா கிட்டத்தட்ட எல்லா விசாவையும் நிறுத்திவிட்டது. நாளையிலிருந்து. ஏப்ரல் 15 வரைக்குமாம்.

மார்ச் 13

இங்கே திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவும் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். மீனாவுக்கு அதுதான் பெரிய செய்தி. எனக்கு அவளிடம் மற்றதைச் சொல்லாமல் இருக்க ஒரு சாக்கு.

மார்ச் 22

சென்னையில் வெளிநாட்டு விமானமே இறங்காது இனி.

மார்ச் 24

இன்றைக்கு அட்மிஷன். காலை 79. நேற்று ராத்திரி தூங்கப்போன நேரத்தில் ரங்கூனிலும் முதல் கேஸ் என்று சேதி. அரிசி வாங்க ஓடினேன். பெட்டியைப் பிரிக்கவில்லை.

ஏப்ரல் 2

கிடங்கிலிருந்து போன் வந்தது. கப்பலில் இடம் கிடைத்திருக்கிறது, உளுந்து ஏற்றணும், வாங்க. உளுந்து இந்தியாவுக்குப் போகும். அதற்கு விசா வேண்டாம், பாங்காக்கில் இறங்க வேண்டாம். மூட்டை மூட்டையாக லாரியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அசிங்கமாகத் திட்டினேன், யாரை என்று தெரியவில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடி. தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெயில் மட்டும். மதியம் பன்னிரண்டுக்குப் போன கரண்ட் நாலரைக்கு வந்தது.

வேர்த்தால் பயம். ஹீமோகுளோபின் 19, உடம்பு ஆக்சிஜன் போதாமல் சிவப்பணுவாக உண்டாக்கித் தள்ளுகிறது, ரத்தம் ஏற்கெனவே கெட்டி. தண்ணீர் குறைந்தால் இன்னும் கெட்டியாகி எங்கேயாவது உறைந்துவிடலாம். அதனால் மணிக்கு ஒரு டம்ளர். சுவரில் கோடு போட்டுக் கணக்கு வைக்கிறாள். இரண்டு கோடு கூடுதலாகப் போட்டு ஏமாற்றியதைச் செல்வி கண்டுபிடித்தாள். மொட்டைமாடியில் வாளியில் தண்ணீர் வைத்து மூன்று பேரும் ஊற்றிக்கொண்டோம். அதுதான் திஞ்சான்.

செல்வி தனக்கா மரப்பட்டையை அரைத்து அவள் இரண்டு கன்னத்திலும் வட்டமாகப் பூசிவிட்டாள். அந்த வெளிர் மஞ்சளுக்குப் பக்கத்தில் உதடு அப்படியே நாவல்பழம். தினமும் பார்க்கிற உதடுதான்.

ஏப்ரல் 15

நீட்டித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 29

ராத்திரி மூணு மணி. கரண்ட் இல்லை. போனில் படிக்கக்கூடாததைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பான்டான் நல்லபடி நடந்தாலும் அது சரி பண்ணுவது இல்லை, ஒப்பேற்றுவதுதான். வருஷக்கணக்கில் ரத்தம் பின்னால் தேங்கிக் கல்லீரலில் தழும்பேறும். சிலருக்கு உடம்புப் புரதமெல்லாம் குடல் வழியாகக் கசிந்து போய்விடும். முதலில் நெஞ்சில் நீர் கட்டி, வடிகுழாயோடு நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில்.

அவளுக்கு 26 வயசாகிக் கல்லீரலைப் பற்றிக் கவலைப்படுகிற காலம் வரட்டும். உட்கார்ந்து கவலைப்படுகிறேன்.

மே 3

80! இரண்டு தடவை பார்த்தேன்.

மே 4

77.

மே 17

செருப்பு பத்தவில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். குதிகால் கொஞ்சம் வெளியே நிற்கிறது. ஒன்றும் சொல்லாமல் திரும்பத் தாளில் சுற்றி அதே இடத்தில் வைத்துவிட்டாள், கதவிடுக்கில் நான் நிற்பது தெரியாமல். அப்புறம் அப்பத்தா வந்து கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு, "பாருடா, பொங்கலுக்கு இப்ப ஒரு விரக்கடை கூட! கண்ணு பட்டுரும்" என்று நெட்டி முறித்தாள். அம்மாவிடம் கத்திவிட்டேன். எதற்கு அளக்கிறே, யார் கேட்டது. எழுபத்தொரு வயசு. பேத்தி வளர்கிறாள் என்று சந்தோஷப்பட்டதற்கு.

மத்தியானச் சோற்றுக்கு அம்மா வரவில்லை.

எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியதை எழுதிவிடுகிறேன். மூன்று மாசத்துக்கு வளராமல் இருந்தால் என்ன என்று தோன்றியது. தட்டில் சோறு குறைவாகப் போட்டேனோ என்று கூட இப்போது சந்தேகம். இல்லை, போட்டேன். செல்விதான் பரிமாறினாள்.

76.

ஜூன் 1

மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் திறக்கவில்லை. பள்ளியில் அவள் பெயர் சூசூ. மூன்று மாசமாய் யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையாம், நான் கூப்பிடணுமாம். கூப்பிட்டேன்.

ஜூன் 6

காய்ச்சல் 102. முதலில் போன கிளினிக்கில் காய்ச்சல் என்றதும் கதவையே திறக்கவில்லை. மழையில் நின்றோம். இரண்டாவது இடத்தில் ஒரு சின்ன டாக்டர் முகத்தை முழுக்க மூடிக்கொண்டு வந்து பார்த்தார். டெங்குவாக இருக்கலாம் என்றார். ஆஸ்பிரினை என்ன செய்வது? நிறுத்தினால் ரத்தம் உறையலாம், கொடுத்து டெங்குவாகவும் இருந்துவிட்டால் ரத்தம் கசியும். சென்னைக்குப் போன் போட்டேன், எடுத்துவிட்டார், நல்ல மனுஷர். ரிசல்ட் வரும்வரை நிறுத்துங்க, உடம்புல தண்ணி குறையவிடாதீங்க.

காலில் ட்ரிப் போட்டார்கள். குழாயில் குமிழி. நமக்கெல்லாம் நரம்பில் போகிற சின்னக் குமிழியை நுரையீரல் வடிகட்டிவிடும். இவளுக்குக் காலில் போகிறது இதயத்தில் கலந்து நேராக மூளைக்கே போக வழி இருக்கிறது. நர்ஸிடம் சொன்னேன். சுண்டிவிட்டு, போய்விட்டது என்றாள். இன்னும் ஒன்று இருந்தது, கடுகு அளவு, வளைவில் ஒட்டிக்கொண்டு. காண்பித்தேன். மறுபடி சுண்டினாள். பாட்டில் முடிகிற வரை மூணு மணி நேரம் அந்தக் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மீனா தூக்கத்தில் முனகினாள். நாலு கிலோமீட்டர் தள்ளி வீட்டில் செல்வி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று தெரியும், எடுத்துப் பேசக் கை வரவில்லை. பேசினால் குழாயிலிருந்து கண் போய்விடும்.

ஜூன் 7

71.

ஜூன் 8

டெங்கு இல்லை.

ஜூன் 10

காய்ச்சல் விட்டது. 75. ரசம் கேட்டாள், இரண்டு வாய். ஆஸ்பிரின் மறுபடி ஆரம்பம். அம்மா என்னோடு பேசிவிட்டாள். பேசியது மோருக்கு உப்பு போதுமா என்று.

ஜூன் 16

கிடங்குத் தராசு. எட்டே முக்கால் வீசை. "விலை இறங்கிடுச்சா?" என்றாள்.

ஜூன் 19

சென்னையிலிருந்து மெசேஜ். ரொம்ப அவசரமான கேஸ்கள் மட்டும் செய்ய ஆரம்பித்திருக்கிறார்களாம். வெளிநாட்டு நோயாளிகளுக்கு வழி திறந்தால் முதல் பத்துப் பேரில் மீனா பெயர் இருக்கும். எப்போது என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

ஜூன் 21

செருப்புக் கடை திறந்திருந்தது. அதே சிவப்பு. கடைக்காரர் அளவு கேட்டார். ஒன்று பெரிசாக எடுத்தேன். அப்புறம் திரும்பிப் போய் இன்னொன்று பெரிசாக மாற்றினேன்.

ஜூன் 22

77.