ஆப்ரிகாட்டை ஜனவரியில் வெட்டாதீர்கள்

ஜனவரி வந்தால் போதும், கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் தெருவுக்குத் தெரு ரம்பச் சத்தம் ஆரம்பித்துவிடும். ரோஜாச் செடியை வெட்ட வந்த ஆள் கையோடு கொல்லையில் நிற்கும் ஆப்ரிகாட்டையும் மொட்டையடித்துவிட்டுப் போவார். இலை உதிர்ந்த மரம், கிளையெல்லாம் நன்றாகத் தெரிகிறது, வெட்டச் சுலபம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆப்பிளுக்கும் பேரிக்கும் பீச்சுக்கும் குளிர்காலக் கவாத்து சரிதான். ஆப்ரிகாட்டுக்கும் செர்ரிக்கும் மட்டும் அது ஆகவே ஆகாது.

காரணம் குளிர் இல்லை, மழை. இங்கே மழையெல்லாம் பெரும்பாலும் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான். யூடைப்பா என்று ஒரு பூஞ்சை இருக்கிறது. செத்த கிளைகளிலும் பழைய திராட்சைக் கொடிகளிலும் சும்மா கிடக்கும், மழையில் நனைந்ததும் வித்துகளைக் காற்றில் விடும், அவை புதிதாக வெட்டிய இடத்தில் வந்து விழுந்தால் அப்படியே கட்டைக்குள் இறங்கிவிடும். உடனே ஒன்றும் தெரியாது. பிறகு ஏதோ ஒரு கோடையில், மரத்தின் மற்ற பாகமெல்லாம் பச்சையாக இருக்கும்போது ஒரே ஒரு கிளை மட்டும் திடீரென்று வாடும், காய்ந்த இலைகள் உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், பட்டையில் பிசின் வடியும். தண்ணீர் போதவில்லை போல என்று குழாயைத் திறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்!

அதனால் பழம் பறித்து முடித்த கையோடு, ஜூலை ஆகஸ்டில், கத்தரியை எடுங்கள். வெட்டியபின் குறைந்தது 6 வாரமாவது மழை இருக்கக்கூடாது என்பது கணக்கு. ஏற்கெனவே நோய் வந்த கிளை என்றால் கட்டைக்குள் பழுப்பு நிறம் முடிகிற இடத்துக்கும் ஓர் அடி கீழே போய் அறுக்க வேண்டும், அதுவும் கோடையில்தான். காயத்துக்குத் தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம், தானாக ஆறும்.

எவ்வளவு வெட்டுவது? ஆப்ரிகாட் சில வருடம் காய்க்கும் குட்டைக் கிளைகளில் பழம் விடும், ஆகவே ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் போதும். பீச் அப்படியில்லை, போன வருடம் விட்ட தளிரில் மட்டும்தான் காய்க்கும், பாதிக்குப் பாதி வெட்டினாலும் தகும். இரண்டையும் ஒரே கணக்கில் வெட்டுவதால்தான் ஒன்று காய்க்காமலும் இன்னொன்று கிளை முறிகிற அளவுக்குக் காய்த்தும் நிற்கின்றன.

இங்கிலாந்தில் இருக்கும் உறவினர் பிளம்மைக் கோடையில்தான் வெட்ட வேண்டும் என்பார். அங்கே அது சரி. குளிரும் ஈரமுமான மாதங்களில் வெட்டினால் வெள்ளி இலை நோய் வரும். இங்கே பிளம்மைக் குளிர்காலத்திலும் வெட்டுகிறார்கள். ஊர் மாறினால் கணக்கும் மாறும், யூடியூபில் பார்த்துவிட்டு வெட்டுகிறவர்கள் முதலில் அந்த ஆள் எந்த ஊர் என்று பாருங்கள்.

சிலிக்கான் சில்லுத் தொழில் வருவதற்கு முன், இன்று சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று சொல்கிற இந்த சான்டா கிளாரா பள்ளத்தாக்கு முழுக்கப் பழத்தோட்டம். சன்னிவேலில் ப்ளென்ஹைம் ரக ஆப்ரிகாட் தோப்பு ஒன்றை நகராட்சி இன்னும் வைத்திருக்கிறது. பழைய வீடு வாங்கியவர்களுக்கு மரமும் சேர்ந்தே வந்திருக்கும்.

அப்புறம் ஒன்று, கோடையில் வெட்டும்போது உள்ளே இருக்கும் தடிக்கிளைகள் திடீரென்று வெயிலில் மாட்டிக்கொள்ளும், பட்டை வெடிக்கும், துளைக்கும் வண்டு வரும். வீட்டின் உட்புறச் சுவரில் அடிக்கிற வெள்ளை லேடெக்ஸ் பெயிண்டில் சரிபாதி தண்ணீர் கலந்து, வெயில் படுகிற பட்டையில் பூசிவிடுங்கள். வெட்டிய காயத்தில் அல்ல, பட்டையில்.