எஃப்-100 வால் பகுதி: சுட்ட உலோக நிறம் செய்து பார்த்த அனுபவம்

நான் செய்துவரும் எஃப்-100 சூப்பர் சேபர் என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் 1/72 அளவு மாதிரி இப்போது வால் பகுதிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மூக்கும் இறக்கைகளும் வெறும் அலுமினிய நிறம்தான்; அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இந்த விமானத்தைத் தெரிவு செய்ததே அதன் பின்பக்கத்துக்காக. 1953 மே மாதம் முதன்முதலில் பறந்த எஃப்-100, மட்டமாகப் பறக்கும்போதே ஒலியின் வேகத்தைத் தாண்டக்கூடிய முதல் போர் விமானமாகப் படையில் சேர்ந்தது. ஜே57 எஞ்சினின் ஆஃப்டர்பர்னர், அதாவது கூடுதல் உந்துதலுக்காக எஞ்சினின் பின்னால் மீண்டும் எரிபொருளை எரிக்கும் பகுதி, விமானத்தின் பின்னுடலுக்குள் எரிகிறது. வியட்நாம் காலத்தில் மற்ற இடமெல்லாம் பச்சையும் பழுப்புமாக வர்ணம் பூசியபோதும், இந்தப் பகுதியை வெறும் உலோகமாகவே விட்டார்கள். சூடு பட்ட தடம் முழுவதும் அங்கே நிறமாகத் தெரியும்.

ஜெட் மாதிரி செய்கிறேன் என்றால் கொழும்பில் உடனே வரும் கேள்வி, "கிபிர் செய்யவில்லையா?" என்பது. 1996 இல் இஸ்ரேலிலிருந்து இலங்கை விமானப்படைக்கு வந்த விமானம் அது; அதன் ஜே79 எஞ்சினும் சூட்டுத் தடத்துக்குப் பேர்போனதுதான். ஆனால் போர்க்காலத்தில் வன்னியில் அந்தச் சத்தத்துக்குப் பதுங்குகுழியில் இறங்கிய உறவினர்கள் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்து போகிறார்கள். எங்கள் அலுமாரியில் அது நிற்காது.

ஏர்பிரஷ்ஷை (காற்றழுத்தத்தால் வர்ணம் தெளிக்கும் கருவி) எடுக்குமுன் ஒரு பழைய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியை காஸ் அடுப்பில் பிடித்துப் பார்த்தேன். இணையத்தில் நூறு மாதிரிகளைப் பார்ப்பதைவிட இது மேல். நெருப்புக்கு எட்டத்தில் வைக்கோல் மஞ்சள், அதையடுத்துச் செம்பழுப்பு, பிறகு மெல்லிய ஊதாக் கோடு, நெருப்புக்கு அருகில் கடும் நீலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மஞ்சள் சுமார் 300 பாகை செல்சியஸில் தொடங்குகிறது. கடும் நீலத்துக்கு 600 பாகை அளவு வேண்டும். அம்மா கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை இனி உன் மேசையிலேயே வைத்துக்கொள்" என்றார். இப்போது அதுதான் என் நிற அட்டவணை.

அந்த நிறம் சாயம் அல்ல. சூட்டில் உலோகத்தின் மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்று வளர்கிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டுகிறது. மழை பெய்த வீதியில் எண்ணெய் சிந்தினால் தெரிவதும் இதே வித்தைதான். படலம் தடிக்கத் தடிக்க மஞ்சள், ஊதா, நீலம் என்று வரிசை மாறும். இந்த வரிசையில் பச்சை கிடையாது.

வர்ணம் பூசுபவருக்குச் சிக்கல் இங்கேதான். கறுப்புப் பளபளப்பு அடிப்பூச்சு, அதன் மேல் உலோக லாக்கர் (கரைப்பான் ஆவியாகிக் காயும் உலோக நிற வர்ணம்), அதற்கு மேல் டமியா என்ற ஜப்பானிய மாதிரி நிறுவனத்தின் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் வர்ணங்கள் என்பது என் ஏற்பாடு. மஞ்சள் எக்ஸ்-24, செம்மஞ்சள் எக்ஸ்-26, சிவப்பு எக்ஸ்-27, நீலம் எக்ஸ்-23. மஞ்சளின் மேல் நீலத்தை அடித்தால் பச்சைதான் வரும். அழகாகச் செய்த எத்தனையோ மாதிரிகளில் அந்தப் பச்சையைப் பார்த்திருக்கிறேன். பார்த்த கணமே நம்பிக்கை போய்விடும். ஆகவே மஞ்சளில் துளி செம்மஞ்சள் கலந்து முதலில் அகலமாக அடித்து, நீலம் வரவேண்டிய இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறேன். சிவப்பும் நீலமும் கலந்த ஊதா அந்த விளிம்பைத் தழுவிப் போகிறது. நீலம் ஊதாவின் மேல் மட்டும் ஏறும், மஞ்சளைத் தொடாது. என் மாதிரியில் மஞ்சள் ஆறு மில்லிமீட்டர் அகலம். ஊதா ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

வர்ணம் ஒரு பங்கு, தின்னர் ஒன்பது பங்கு. ஏர்பிரஷ்ஷில் 0.2 மில்லிமீட்டர் ஊசி, 10 பிஎஸ்ஐ அழுத்தம், இரண்டு சென்டிமீட்டர் தூரம். முதல் இரண்டு பூச்சில் எதுவும் தெரியாது. பொறுமை இல்லாதவர் அங்கேதான் கெடுப்பார். கூடிப்போனால் அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். அடியிலுள்ள லாக்கர் அசையாது.

நிறத்தைவிட முக்கியமானது அது நிற்கும் இடம். பழைய புகைப்படங்களில் எஃப்-100 இன் வால் வானவில் போலச் சீராக மங்குவதில்லை. தகட்டுக்குத் தகடு வேறுபடுகிறது. ஒன்று வெளிறிய மஞ்சள், பக்கத்துத் தகடு திடீரென நீலம். உள்ளே வளையச் சட்டம் ஓடும் இடங்களில் நிறம் வெட்டினாற்போல் நின்றுவிடுகிறது. அதற்காகத் தடித்த காகிதத் துண்டின் விளிம்பைத் தகட்டுக் கோட்டில் பிடித்து, ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும்படி அடித்தேன். இரண்டு தகடுகளை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறேன். அவை இல்லையென்றால் மற்றவற்றின் நிறம் எடுபடாது.

கொழும்புக் காற்றின் ஈரப்பதன் தனித் தொல்லை. லாக்கரின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. பளபளப்பு போய்ப் பால் பூத்துவிடும். ஆகையால் மழை நாட்களில் லாக்கரைத் தொடுவதில்லை, அக்ரிலிக் மட்டும்தான். கம்ப்ரெசர் குழாயில் நீர் பிடிக்கும் குடுவை இல்லாமல் இந்த ஊரில் வேலை செய்யவே கூடாது. அரை மணி நேரத்தில் அதன் அடியில் தண்ணீர் நிற்பதைக் கண்ணால் காணலாம். லாக்கர் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத் தபாலிலும் வராது. கைவசம் இருக்கும் போத்தலைச் சிக்கனமாகத்தான் பாவிக்க வேண்டும்.

எஞ்சியிருப்பது எரிமுனை, அதாவது எஞ்சினின் நெருப்பு வெளியேறும் வாய். அங்கே நீலமும் ஊதாவும் வேண்டாம். கருகிய இரும்பு நிறத்தின் மேல் பென்சில் கரியை விரலால் தேய்த்தால் போதும் என்று நினைக்கிறேன். வாலின் மேல் மங்கல் வார்னிஷ் பூசப்போவதில்லை. அது உலோகத்தின் மினுக்கத்தைக் கொன்றுவிடும். இலக்கங்களும் சின்னங்களும் ஒட்டும் இடங்களுக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷ்.