மல்கோவாவுக்கு விசா கிடையாது

பாஸ்போர்ட்டைத் தொலைத்த கதை, ரயிலைத் தவறவிட்ட கதை, டாக்ஸிக்காரரிடம் ஏமாந்த கதை எல்லாம் உலகம் சுற்றுகிறவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு அந்த மாதிரி கௌரவமான சங்கடம் எதுவும் வாய்ப்பதில்லை. எங்களுக்கு வருகிற வம்பு முழுக்க சேலத்திலேயே பெட்டியில் வைத்துக் கட்டித்தான் அனுப்பப்படுகிறது.

கட்டுகிறவர் என் சித்தி. யாராவது விமானம் ஏறப்போகிறார்கள் என்று அம்மாப்பேட்டையில் அவர் காதில் விழுந்தால் போதும், ஜவ்வரிசி வடாம், தட்டுவடை, மாங்காய்த் தொக்கு, நெய் என்று கூடத்தில் கடை விரித்துவிடுவார். "பெட்டி கனம் தாங்காது சித்தி" என்றால், "அதான் கைப்பையில கொஞ்சம் வெச்சிருக்கேன்ல" என்பார். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற கெடுபிடி 2006-லிருந்து இருக்கிறது. தொக்கு திரவமே இல்லை என்று ஸ்கேனர் ஆசாமியிடம் வாதாடிப் பார்த்தேன். மனுஷன் ஒன்றும் பேசவில்லை, பாட்டிலை லேசாகச் சாய்த்துக் காட்டினார், நல்லெண்ணெய் ஒரு பக்கமாக நகர்ந்து வந்தது, கேஸ் முடிந்தது.

துபாய்க்குப் போகும்போது நடந்தது இன்னும் மோசம். பெங்களூருக்குக் காரில் போய் அங்கே விமானம் பிடிப்பதாக ஏற்பாடு, தொப்பூர் கணவாயில் வழக்கம்போல ஒரு லாரி கவிழ்ந்து கிடக்கிறது, வண்டி நகரவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் சித்தி போன் செய்து, "குருமாவுக்குக் கசகசா வெச்சிருக்கேன், மறந்துடாத" என்கிறார். ஐக்கிய அரபு நாடுகளில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அபின் எடுக்கிற செடியின் விதை அது. மாட்டினால் குருமா கதையெல்லாம் அங்கே எடுபடாது. நெடுஞ்சாலை ஓரத்தில் பெட்டியைப் பிரித்து, துணிகளையெல்லாம் கார் பானட் மேல் பரப்பித் தேடினோம். கசகசா கிடைத்தது, கூடவே ஒரு முழுக் கொப்பரையும் கிடைத்தது. கொப்பரை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானச் சரக்கு விதிகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்து டீக்கடைக்காரரிடம் கொடுத்தோம். அவர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

பெரிய மாமாவோடு சிட்னிக்குப் போனதுதான் எல்லாவற்றுக்கும் மேல். மாமாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை, கொலுசு வியாபாரம், ஊருக்குள் நல்ல மரியாதை. வைகாசி மாதம், மல்கோவா வந்து குவிகிற நேரம், மகள் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்குக் குறையாத பழங்களை எங்களுக்குத் தெரியாமல் வேட்டிக்குள் சுருட்டி வைத்துவிட்டார். இறங்கும் முன் கொடுத்த அட்டையில் உணவுப் பொருள் உண்டா என்று கேள்வி. மாமா 'இல்லை' என்று போட்டிருந்தார். ஏன் மாமா என்றால், "மாம்பழம் சாப்பாடா? பழம்தானே?" என்கிறார். அவர் முணுமுணுக்க முணுமுணுக்க அதை அடித்து 'ஆம்' என்று மாற்ற வைத்தேன். அதுதான் காப்பாற்றியது. முன்கூட்டிச் சொல்லிவிட்டால் அபராதம் இல்லை, பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

பெட்டி வருவதற்காக நிற்கும்போது ஒரு நாய் வந்தது. மாமாவின் பெட்டியைச் சுற்றி ஒருமுறை முகர்ந்துவிட்டு, அதன் பக்கத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. எங்கே எதைக் கண்டுபிடித்தாலும் அப்படி உட்கார வேண்டும் என்று அதற்குப் பயிற்சி. மாமாவுக்கு அது தெரியாது. "பாரு, வாயில்லா ஜீவனுக்குக் கூட என்னைப் பிடிச்சுப் போச்சு" என்று தலையைத் தடவக் குனிந்தார்.

பழத்தில் பழ ஈயின் முட்டையோ புழுவோ இருந்தால் அந்த நாட்டுத் தோப்புகளே பாழாகிவிடும் என்று கையுறை போட்ட அம்மணி பொறுமையாக விளக்கினார். மாமா அதைவிடப் பொறுமையாக, "அப்போ இங்கேயே, உங்க கண்ணு முன்னாலயே சாப்பிட்டுடறேன், கொட்டையை நீங்க வெச்சுக்குங்க" என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். அந்தம்மா சிரித்துவிட்டார், ஆனால் பழம் தொட்டிக்குத்தான் போனது. வேட்டியை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள், அதிலிருந்து வாசனை போகவே இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2007-இலிருந்து இந்திய மாம்பழத்தை உள்ளே விடுகிறார்கள் என்றாலும் கதிர்வீச்சு செய்து முறைப்படி வந்த பழமாக இருக்க வேண்டும், வேட்டிக்குள் வந்த பழம் அந்தக் கணக்கில் சேராது.

அமெரிக்கா என்றதும் இன்னொன்று. மாசசூசெட்ஸில் ஒரு சேலம் இருக்கிறது, 1692-இல் சூனியக்காரர்கள் என்று சொல்லி 19 பேரைத் தூக்கில் போட்ட ஊர். பாஸ்டனில் யாரிடமாவது சேலம் என்று சொன்னால் முதல் கேள்வி பேய் பிசாசு பற்றித்தான் வருகிறது. ஆரிகன் மாநிலத் தலைநகரும் சேலம்தான் என்பதால் என் போன் திடீரென்று அந்த ஊர் வெயிலைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. சேலத்தில் 4 டிகிரி என்று படித்துவிட்டு மாமா பதறிப்போய் ஊருக்கு போன் செய்து, அத்தையை ஸ்வெட்டர் போடச் சொன்னார். அத்தை ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்தார்.

ஜெர்மனியில் விமானம் மாறும்போது மாமா கதவு மாதிரி இருக்கும் அந்தச் சோதனைக் கருவிக்குள் போனார், அது கத்தியது. பெல்ட்டைக் கழற்றினார், கத்தியது. மோதிரம், வாட்ச், செருப்பு, எல்லாம் தட்டில் போய்ச் சேர்ந்தது, மறுபடியும் கத்தியது. கடைசியில் ஒரு இளைஞர் தனியாக அழைத்துப்போய்ச் சட்டையைத் தூக்கச் சொன்னால், இடுப்பில் விரல் தடிமனுக்கு வெள்ளி அரணாக்கொடி, சொந்தப் பட்டறையில் செய்தது. இது என்ன என்று கேட்டதற்கு மாமா தமிழிலேயே தூய்மை, எடை, கூலி எல்லாம் சொல்லி, பையிலிருந்து விசிட்டிங் கார்டையும் எடுத்து நீட்டினார்.

அதற்குப் பிறகு நார்வே. ட்ரோல்ஸ்டீகன் மலைப்பாதையில் 11 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, பயம் வேண்டாம் என்று பஸ்ஸில் கைடு மைக்கில் சொன்னதும் மாமா எழுந்து நின்றுவிட்டார். "எங்க ஏற்காட்டுல இருபது! அதையெல்லாம் புல்லட்டுல ஏறினவன் நான்!" நான் பாதியாகக் குறைத்துச் சொன்னேன், அதற்கே பஸ் முழுக்கக் கைதட்டல். ஏழாவது வளைவில் மாமாவின் பேச்சு நின்றது. எட்டாவதில் கவர் கேட்டார். உச்சியில் இறங்கியதும் அந்தக் கைடு தண்ணீர் பாட்டிலோடு வந்து பரவாயில்லையா என்று கேட்க, மாமா வாயைத் துடைத்துக்கொண்டு, "வளைவெல்லாம் ஒண்ணுமில்ல, காலையில நீங்க குடுத்த அந்த மீனுதான் சேரல" என்றார். காலையில் அவர் சாப்பிட்டது சித்தி கட்டிக் கொடுத்த தட்டுவடை.